உடலை ஒப்படைக்கும் முன்...



சென்ற ஆண்டு, தாயார் ஒருவர் கலங்கிய முகத்துடன் எம் இல்லம் வந்தார். பத்தொன்பது வயது மகனின் பையில் ஊசி மருந்துக் குப்பி ஒன்றைக் கண்டிருக்கிறார். "உடம்பு சீக்கிரம் ஏறும் என்று ஜிம் மாஸ்டர்தான் கொடுத்தார்" என்றானாம் மகன். அது ஸ்டீராய்டு.

மகன் தீய இடத்துக்குச் செல்லவில்லை. உடலை வளர்க்கவே சென்றான். மாப்பிள்ளை பார்ப்பதென்றால் பத்துப் பேரிடம் விசாரிக்கும் நாம், பிள்ளையின் உடலை ஒப்படைக்கும் இடத்தைப் பற்றி ஒருவரிடமும் கேட்பதில்லை.

இதனால் உடற்பயிற்சியே வேண்டாமென்று முடிவு கட்டிவிடலாகாது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. வயது வந்தோருக்கு வாரத்தில் 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பும், 2 நாள்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவையென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது.

எனவே, விசாரித்துச் சேருங்கள். கூடம் வீட்டுக்கு அருகில் இருக்கட்டும். தொலைவில் இருப்பது நாளடைவில் நின்றுபோகும். நீங்கள் செல்லவிருக்கும் அதே நேரத்தில் ஒருமுறை சென்று பாருங்கள். பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, பயிற்சி தருபவரும் பெண்ணா, கண்காணிப்புக் கேமரா எங்கெங்கே உள்ளது என்பவற்றைக் கேட்கத் தயங்காதீர்கள். ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தாமல், முதலில் ஒரு மாதம் சென்று பாருங்கள்.

நல்ல பயிற்சியாளர், எடையைத் தூக்கச் சொல்லும் முன் உங்கள் நோயையும் மருந்தையும் பற்றிக் கேட்பார். இன்சுலின் போடுபவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும்; சிறிது இனிப்பைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். இதய நோயோ கண் விழித்திரைப் பாதிப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே எடை தூக்கலாம். இவற்றையெல்லாம் கேளாமல், மாவு டப்பாவை விற்க முற்படுபவரிடமிருந்து விலகிவிடுங்கள். ஊசியை நீட்டுபவரிடம் ஒரு நாளும் நிற்காதீர்கள். தசைக்காகப் போடும் ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், பிள்ளைப்பேற்றுக்கும் தடையாகலாம்.

அத்தாயாரின் மகன் மருத்துவரிடம் காட்டப்பட்டு, இன்று வேறொரு கூடத்துக்குச் செல்கிறான். இம்முறை, சர்க்கரை நோயாளியான அவன் தந்தையும் உடன் செல்கிறார். உடல் ஓர் அமானிதம். அதை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதை அறிந்துகொள்வது நம் பொறுப்பன்றோ!