மடிக்கணினிக்கு உயிரில்லையா? சற்றுப் பொறுங்கள்!



"நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது, இன்று விசையை அழுத்தினால் அசைவே இல்லை!" கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பழைய மடிக்கணினி வைத்திருக்கும் ஆசிரியரும் பெற்றோரும் சொல்வது இது. "புதிதாக வாங்கிவிடலாம்" என்பதே அடுத்த பேச்சு. இந்த அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து.

2020 மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்புக்காக எத்தனையோ குடும்பங்கள் கையில் கிடைத்த கணினியை வாங்கின. அவையெல்லாம் இன்று முதுமை எய்திவிட்டன. தோட்ட வருமானத்தில் இன்னொன்று வாங்குவது எளிதா?

முதலில் கணினியை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். அதே சுவிட்சில் வேறொரு கருவி இயங்குகிறதா? நம் நாட்டு மூன்றுமுனைப் பிளக்கினுள் சிறிய பியூஸ் ஒன்று உண்டு. அது எரிந்துபோனால் நல்ல சார்ஜரும் பிணம்போல் கிடக்கும். அதே அளவுள்ள பியூஸை மாற்றினால் போதும். சார்ஜரே பழுதென்றால், அதன் மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு (பெரும்பாலும் 19 அல்லது 19.5) மாறாத இன்னொன்றைக் கொண்டு சோதிக்கலாம். ஆம்பியர் அளவு குறையக்கூடாது. கூடுதலாக இருந்தால் கேடில்லை. முனையும் சரியாகப் பொருந்த வேண்டும்.

அடுத்தது, பலரும் அறியாத ஒரு வழி. சார்ஜரைப் பிடுங்குங்கள், கழற்றக்கூடிய பேட்டரியானால் அதையும் கழற்றுங்கள். பிறகு விசையை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே எஞ்சிய மின்னேற்றம் வடிந்து, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சில்லு புதிதாகத் தொடங்கும். இப்போது சார்ஜரை மட்டும் பொருத்தி முயலுங்கள். இயங்கினால் பழுது பேட்டரியில் இருக்கக்கூடும்.

விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கதை வேறு. கைவிளக்கைத் திரைமேல் சாய்த்துப் பாருங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் போனது திரையின் பின்னொளிதான். பள்ளியின் ஒளிவீச்சுக் கருவியில் இணைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் நினைவகப் பலகையைக் கழற்றித் திரும்பப் பொருத்த வேண்டும். ஈரம் நிறைந்த நம் மலையில் அதன் தொடுமுனைகள் மங்கிப்போவது இயல்பே. மின்னிணைப்பும் பேட்டரியும் நீக்கிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது.

இத்தனைக்கும் அசையாவிட்டால் ஈப்போவுக்கோ தாப்பாவுக்கோ கொண்டு செல்லத்தான் வேண்டும். குளிரில் இருந்த கருவியைக் கீழே வெப்பக்காற்றில் எடுத்தால் உள்ளே நீர் பூக்கும். ஆகவே இறங்கியதும் மின்னிணைப்புக் கொடுக்காமல் ஒரு மணிநேரமாவது பொறுக்கச் சொல்லுங்கள்.

உண்மையில் நான் அஞ்சுவது கருவிக்காக அல்ல, அதனுள் இருப்பவற்றுக்காக. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அக்காலந்தொட்டுத் தட்டச்சு செய்த தேர்வுத்தாள், பயிற்சித்தாள், விளையாட்டுப் போட்டிப் படங்கள், மூடுபனியில் நின்று பிள்ளைகள் எடுத்துக்கொண்ட வகுப்புப் படம் யாவும் வன்தட்டில் கிடக்கின்றன. மின்சாரம் ஏறாத கணினியிலும் வன்தட்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கும்! அதைக் கழற்றி, மலிவான யுஎஸ்பி உறையில் இட்டு வேறு கணினியில் படிக்கலாம். வன்தட்டு பூட்டப்பட்டிருந்தால் மட்டும் மீட்புக் குறியீடு தேவைப்படும். ஒருங்குறி பரவுமுன் எழுதிய தமிழ்க் கோப்புகளோ, பழைய எழுத்துரு இல்லாவிட்டால் கிறுக்கலாகத் தெரியும். அவற்றை அழித்துவிடாதீர்கள், எழுத்துருமாற்றி கொண்டு ஒருங்குறிக்குக் கொணரலாம். எனவே கடைக்காரர் "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கித் தருகிறேன்" என்றால், கோப்புகளைப் படியெடுக்கும்வரை இசையாதீர்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஒரு நல்ல சார்ஜர், சில பியூஸ்கள், சிறிய திருப்புளி, வன்தட்டு உறை ஆகியவற்றைப் பள்ளியில் வாங்கி வைக்கலாகாதா? மலையிறங்கிக் கடைக்குப் போய்வரும் ஒருநாள் செலவும் ஊதிய இழப்பும் இதனால் பல வீடுகளுக்கு மிச்சமாகும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் சுவிட்சையும் சார்ஜரையும் சோதிக்கும் முறையை ஓர் இணைப்பாட வேளையிலேயே கற்றுக்கொள்வர்.

ஒரே ஓர் எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால் மேற்சொன்ன எதையும் முயலவேண்டாம். குத்தவோ அமுக்கவோ மின்னேற்றவோ கூடாது. குப்பைத்தொட்டியில் எறிந்தாலும் தீப்பற்றும். தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.