காவடியை வாடகைக்கு எடுக்கலாமா?

"ஜல்... ஜல்... ஜல்!"

ஆடிக் கிருத்திகை அன்று திருப்போரூர் வீதியில் நின்று பாருங்கள். ஆள் வரும் முன்னே இந்தச் சத்தம் வரும். காவடியில் கட்டிய மணிகளின் சத்தம்! கேட்டதும் கூட்டம் வழி விடும். பேச்சு அடங்கும். கைகள் தாமாகக் குவியும்.

காவடி என்பது என்ன? தோளில் தாங்க ஒரு மரத்தண்டு. இரு முனையிலும் பலகை. மேலே ஒரு வளைவு. பால் செம்பு இரண்டு. மயில் தோகை, மணி, சலங்கை. அவ்வளவுதான்!

ஆனால், அதைச் செய்வதில் நுட்பம் இருக்கிறது. மரம் கனத்தால் நெடுந்தூரம் நடக்க முடியாது. மெலிந்தால் ஒடிந்து விடும். தோள் படும் இடத்தை வழவழப்பாக இழைக்க வேண்டும். இரு பக்கமும் எடை சமமாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பால் சிந்தும்.

முன்பு பல வீடுகளில் பரண் மீது ஒரு காவடி இருக்கும். தாத்தா தூக்கியது. பிறகு அப்பா தூக்கியது. திருநாள் வந்தால் இறக்கித் துடைத்துப் புது மணி கட்டுவார்கள். இன்று பல முருகன் தலங்களில் காவடி வாடகைக்குக் கிடைக்கிறது. காசைக் கொடு, தூக்கு, திருப்பிக் கொடு!

"இதில் என்ன தவறு?" என்று கேட்கலாம். தொலைவிலிருந்து பஸ் ஏறி வரும் ஏழை வேறு என்ன செய்வார்? அவருடைய வாடகைக் காவடியையும் முருகன் ஏற்பான். சந்தேகமே இல்லை. நாம் கேட்பது, வசதி இருந்தும் மறந்து விட்டவர்களை!

சீமையில் நடப்பதைக் கேளுங்கள். பழங்கால டுரூயிட் பூசாரிகளின் வழியை இக்காலத்தில் சிலர் அங்கே மீண்டும் பின்பற்றுகிறார்கள். மரக்கிளையில் மணிகளைக் கட்டி, சடங்கின்போது குலுக்குகிறார்கள். அயர்லாந்துப் பழங்கதையில் வரும் வெள்ளிக்கிளைதான் இதற்கு மூலம். அதன் இசையைக் கேட்டால் நோயாளியும் வலி மறந்து தூங்குவானாம்! அந்த மணிக்கிளையைத் தம் கையாலேயே செய்து கொள்பவர்கள் உண்டு. அறுந்து போன மரபை ஏட்டில் தேடி எடுத்து அவர்கள் செய்கிறார்கள். நம் மரபோ இன்னும் அறுந்து போகவில்லை. அதை நழுவ விடலாமா?

வழி அருகிலேயே இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. கல்லோடு மரத்திலும் சிற்பம் செதுக்க அங்கே கற்றுத் தருகிறார்கள். அங்கு படித்தவர்களையும் உள்ளூர்த் தச்சர்களையும் கொண்டு, ஆடி பிறந்ததும் ஒரு வாரம் காவடி செய்யச் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு மண்டபம் போதும். தச்சருக்கும் வேலை கிடைக்கும். பிள்ளைகளுக்கும் ஒரு தொழில் நுட்பம் தெரியும்.

பனைமரத்தடியில் இருந்த முருகனைச் சிதம்பர சுவாமிகள் கண்டெடுத்துக் கோவில் எழுப்பினார் என்பது திருப்போரூர் தலவரலாறு. மரத்தடியில் கிடைத்த தெய்வத்துக்கு, நம் கை இழைத்த மரத்தைச் சுமந்து செல்வதே அழகு.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குள் உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு காவடி ஏறட்டும்!