20% தள்ளுபடி போர்டைப் பார்த்து அப்பா அம்மாவுக்கு மருந்து வாங்காதீங்க

உங்க அப்பா அம்மா மாசம் எவ்வளவு ரூபாய்க்கு மாத்திரை சாப்பிடுறாங்கன்னு கேட்டா, நம்மில் பாதிப் பேர் ஜிபே ஹிஸ்டரியைப் பார்த்துச் சொல்லிடுவோம். என்னென்ன மாத்திரைன்னு கேட்டா? அதுல என்ன மருந்து இருக்கு, எத்தனை மில்லிகிராம்? போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது. எந்தெந்த மியூச்சுவல் ஃபண்டில் எத்தனை யூனிட் இருக்குன்னு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

நம்மள மாதிரி திண்டிவனம், விழுப்புரம் பக்கத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவங்க வீட்டில் மருந்து வாங்குற கதை அநேகமா ஒரே மாதிரிதான் இருக்கும். பிபி, சுகர் மாத்திரையை ஊர் சுகாதார நிலையத்தில் இலவசமா வாங்குவாங்க. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதிலிருந்து பலருக்கு வீட்டுக்கே வந்துடுது. ஏதாவது பெருசா வந்தா புதுச்சேரிக்கு ஓடுவோம். அங்கே எழுதின மருந்தை அந்த ஆஸ்பத்திரி கடையிலேயே வாங்கிட்டு வருவோம். அடுத்த மாசத்திலிருந்து பையன் சென்னையில் உட்கார்ந்து, எந்த ஆப்பில் கூப்பன் இருக்கோ அதில் ஆர்டர் போடுவான். நடுவில் தீர்ந்துபோச்சுன்னா பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் 20% போர்டு போட்ட கடை. ஆக நாலு இடத்திலிருந்து மருந்து வருது. நாலையும் ஒண்ணா வெச்சுப் பார்க்கிற ஆள் யாருமே இல்லை.

எங்க வீட்டில் இது எங்கே போய் முடிஞ்சதுன்னு சொல்றேன். அப்பாவுக்குக் காலில் வீக்கம் வந்தது, எழுந்து நின்னா தலை சுத்தல். கிட்னியா, இதயமான்னு பயந்து ரத்த டெஸ்ட், எக்கோ, புதுச்சேரிக்கு ரெண்டு தடவை கார், எனக்கு மூணு நாள் லீவு. கையிலிருந்து போனது ஒன்பதாயிரத்துக்கு மேல். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். கடைசியில் இதைக் கண்டுபிடிச்சது திண்டிவனத்தில் எங்க தெருமுனை மருந்துக் கடை அண்ணன். ‘வீட்ல இருக்கிற எல்லா அட்டையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வா தம்பி’ன்னார். கவுண்டர் மேல வரிசையா அடுக்கினார். ரெண்டு அட்டையை எடுத்துத் தனியா வெச்சார். ஒண்ணு அரசு முத்திரையோட இருந்த ஆம்லோடிபின் 5 மில்லிகிராம். இன்னொண்ணு நான் ஆப்பில் மாசாமாசம் அனுப்பின கம்பெனி மாத்திரை. பேரு வேற, நிறம் வேற, ஆனா அட்டைக்குப் பின்னாடி பொடி எழுத்தில் டெல்மிசார்டன் 40, ஆம்லோடிபின் 5. அப்பா ரெண்டையும் தினமும் சாப்பிட்டிருக்கார். அதாவது ஆம்லோடிபின் மட்டும் நாளைக்கு 10 மில்லிகிராம். டோஸ் ஏற ஏற கால் வீங்குறது அந்த மருந்தோட நல்லாத் தெரிஞ்ச பக்கவிளைவு. போனிலேயே டாக்டர்கிட்ட கேட்டு ஒண்ணை நிறுத்தினோம். ரெண்டு வாரத்தில் கால் பழையபடி ஆச்சு.

தப்பு எங்களோடது. இலவச மாத்திரை வாங்குறதை அப்பா புதுச்சேரி டாக்டர்கிட்ட சொல்லலை. பையன் சம்பாதிக்கிறான், நாம ஏன் இதைச் சொல்லிக்கணும்னு ஒரு கூச்சம். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது, அதனால நான் கேட்கவே இல்லை. இந்தக் கூச்சத்தை முதல்ல விடுங்க. அந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்கிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-லிருந்து இதே வேலையைச் செய்யுது. நம்ம வரிப்பணம்தான். வாங்குறதில் ஒரு தப்பும் இல்லை, மறைக்கிறதுதான் தப்பு.

இப்போ காசுக் கணக்குக்கு வருவோம். மாசம் 3,000 ரூபாய் மருந்துன்னு வைங்க. 20% தள்ளுபடின்னா 600 ரூபாய், வருஷத்துக்கு 7,200. சின்னப் பணம் இல்லைதான். ஆனா இந்தப் பணம் எங்கிருந்து வருது? விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற மருந்துக்கு 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை சில்லறைக் கடைக்குப் போட்டிருக்கிற லாபமே 16%. அதுல வாடகை, கரண்ட், சம்பளம், காலாவதியான சரக்கு எல்லாம் போகணும். அப்புறம் எல்லாத்துக்கும் 20% எப்படித் தர முடியும்? ஒரு வழி, லாபம் அதிகமா கிடைக்கிற, அவ்வளவா பேர் தெரியாத பிராண்டை நம்ம தலையில் கட்டுறது. அட்டையில் எம்ஆர்பி பெருசா அடிச்சிருக்கும், கடைக்கு அது வர்ற விலை அதுல கொஞ்சம்தான். அதுல பாதி விலைக்குக் கொடுத்தாலும் கடைக்கு நல்ல லாபம். இன்னொரு வழி, மருந்தாளுநர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறது. சுவரில் சர்டிபிகேட் தொங்கும், ஆள் இருக்க மாட்டார். எல்லாத் தள்ளுபடிக் கடையும் இப்படின்னு சொல்லலை. ஆனா போர்டைப் பார்த்ததும் உள்ளே போய் ‘இங்க பார்மசிஸ்ட் யாரு?’ன்னு கேட்டுப் பாருங்க. அந்தப் பதிலில் பாதி தெரிஞ்சிடும்.

உண்மையான மிச்சம் மருந்தோட மூலப்பெயரில்தான் இருக்கு. 2025 பிப்ரவரி 24-ல் தமிழ்நாடு முழுக்க 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தாங்க. மத்திய அரசோட மக்கள் மருந்தகங்கள், அதான் ஜன் அவுஷதி கடைகள், அதுக்கு முன்னாடியிருந்தே இருக்கு. தினமும் சாப்பிடுற பிபி, சுகர், கொலஸ்ட்ரால் மாத்திரையெல்லாம் அங்கே கம்பெனி பிராண்டு விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். 20% தள்ளுபடி இதுக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. இன்னொரு கணக்கும் இருக்கு. கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துக்கு கம்பெனி வருஷத்துக்கு 10% வரை எம்ஆர்பி ஏத்திக்கலாம். வருஷா வருஷம் அப்படி ஏத்தினா இன்னைக்கு 3,000 ரூபாய் செலவு ஏழு வருஷத்தில் கிட்டத்தட்ட 5,850. எஸ்ஐபி-யில் நமக்குப் பிடிச்ச அதே கூட்டு வட்டி, இங்கே நமக்கு எதிரா வேலை செய்யும்.

ஆனா கவுண்டரில் நின்னுக்கிட்டு ‘இதுக்குப் பதிலா சீப்பா இருக்கிறதைக் கொடுங்க’ன்னு கேட்காதீங்க. டாக்டர் சீட்டில் எழுதின ஷெட்யூல் எச் மருந்துக்குப் பதில், உள்ளே இருக்கிறது அதே மருந்தா இருந்தாலும், கடைக்காரர் தானா வேற ஒண்ணை மாத்திக் கொடுக்கச் சட்டம் விடாது. டாக்டர்கிட்ட போய், மூலப்பெயரில் எழுதிக் கொடுங்கன்னு கேளுங்க. எல்லா டாக்டரும் அப்படித்தான் எழுதணும்னு 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி கொண்டு வந்து, அதே மாசத்தில் நிறுத்தியும் வெச்சிடுச்சு. அதனால கேட்டால்தான் கிடைக்கும். தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின், இந்த மாதிரி மருந்தில் மட்டும் காசுக்காக பிராண்டை மாத்தி மாத்தி விளையாடவே வேண்டாம். விழுப்புரத்தில் எங்க அக்கா மாமியாருக்குத் தைராய்டு மாத்திரை மட்டும் பழைய பிராண்டுதான், மத்ததெல்லாம் ஜெனரிக். டாக்டர்கிட்ட உட்கார்ந்து பேசி ஒரே தடவையில் முடிவு பண்ணினது.

சரி, மலிவான கடைக்கே மொத்தமா மாறிடலாமான்னா, அங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். அட்டையை அடுக்கிப் பார்த்த அண்ணன் அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு ரூபாய் வாங்கலை. அவருக்கு வருமானம் அந்த 16%-தான். அதையும் நான் ஆப்புக்குக் கொடுத்துட்டு, சிக்கல் வரும்போது மட்டும் அவர்கிட்ட போய் நிக்கிறது என்ன நியாயம்? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தைத் தொட்டுக்கிட்டுத் தண்ணி ஓடினதால் டிசம்பர் 2-ஆம் தேதி ரயிலே நின்னுது. என் ஆப்பில் அப்பாவோட பார்சல் நாலு நாள் ‘வந்துகொண்டிருக்கிறது’ன்னே காட்டிச்சு. அண்ணன் ஷட்டரைப் பாதி தூக்கி வெச்சு, அம்மாவுக்கு ரெண்டு அட்டை எடுத்துக் கொடுத்தார். காசு அப்புறம் கொடுத்துக்கலாம்னு சொல்லிட்டார். அதுக்கப்புறம் 15 நாள் மாத்திரை எப்பவும் கையிருப்பில் வெச்சிருக்கோம். எமர்ஜென்சி ஃபண்ட் மாதிரின்னு வைங்களேன்.

அதனால இப்போ எங்க ஏற்பாடு இதுதான். தினசரி மாத்திரையில் டாக்டர் மாத்தி எழுதினது முதல்வர் மருந்தகத்தில். மத்த எல்லாம், அம்மாவோட இன்சுலின் உட்பட, அண்ணன் கடையில். பிரிக்காத இன்சுலின் 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். சித்திரை வெயிலில் எந்த வண்டியில் எத்தனை மணி நேரம் கிடந்து வருதுன்னு தெரியாம அதை வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை. கடையில் ஃப்ரிட்ஜ் ஓடுதா, கரண்ட் போனா பேக்கப் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன். தள்ளுபடி கேட்கிறதில்லை. எங்கே வாங்கினாலும் அட்டையின் போட்டோ அண்ணனோட வாட்ஸ்அப்புக்குப் போகும், புதுசா ஒண்ணு சேர்ந்தா அவர் பார்த்துச் சொல்லுவார்.

பில் விஷயத்தில் மட்டும் கறாரா இருங்க. பேட்ச் நம்பர், காலாவதித் தேதி ரெண்டும் பில்லில் இருக்கணும், அட்டையை வெட்டிக் கொடுத்தா இன்னும் கட்டாயம். 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரும்பாலான மருந்துக்கு ஜிஎஸ்டி 12%-லிருந்து 5% ஆயிடுச்சு, பழைய ஸ்டாக்கைப் பழைய விலைக்குப் போட்டிருக்காங்களான்னு ஒரு தடவை பாருங்க. சந்தேகம்னா ஃபார்மா சஹி தாம்னு விலைக் கட்டுப்பாட்டு ஆணையத்தோட ஆப் இருக்கு. அப்புறம், அப்பா அம்மாவுக்கு 60 வயசு தாண்டி, மெடிக்கல் இன்சூரன்ஸும் இல்லைன்னா, அவங்க மருந்துச் செலவை நாம 80டின்னு சொல்லிப் பழகின சலுகையில் 50,000 ரூபாய் வரை காட்டலாம். பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் இது. ரொக்கமா கொடுத்தா கிடையாது, யுபிஐ-யில் கொடுங்க. பில் இல்லாத 20% தள்ளுபடியை விட, 30% வரி கட்டுறவங்களுக்கு இது பெரிய பணம்.

இந்த வார லீவுக்கு ஊருக்குப் போனா, அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கீழே கொட்டுங்க. எல்லா வீட்டிலும் மாத்திரை போட்டு வைக்க ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அட்டைக்குப் பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிச்சு, ஒரே பேரு ரெண்டு அட்டையில் இருக்கான்னு பாருங்க. இருந்தா நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, முதல்ல டாக்டருக்கு போன் போடுங்க.