கதவுக்கு ஒரு கொளுக்கி



ஆனிக் காற்று தொடங்கிவிட்டது. நேற்று ஸுபஹுத் தொழுகைக்கு எழும்பினால், கீழ் லயத்தில் யாரோ வீட்டுக் கதவு 'டமார் டமார்' என்று அடித்துக்கொண்டே கிடக்கிறது. ஒருவரும் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. நமக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன் என் வகுப்பில், தரம் 3 பிள்ளை ஒன்றின் விரல் கதவில் நசுங்கியது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு. அதற்கு முட்டாகக் கல் வைத்தவன் நான்தான். சாரலில் நனைந்த சீமெந்துத் தரையில் கல் வழுக்கிவிட்டது. பிள்ளை அழவில்லை, என் முகத்தையே பார்த்தது. திரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பார்வைதான். நகம் திரும்ப முளைத்துவிட்டது. அதன்பிறகு நான் கல் வைப்பதில்லை.

கல் ஏன் தாங்காது? ஆறரை அடி உயரம், மூன்றடி அகலமுள்ள கதவில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால், 25 கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு விசை. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அதை ஒரு கல்லோ, பழைய சைக்கிள் டியூப்போ பிடிக்காது. சிலர் பிணைச்சல் பக்கத்து இடுக்கில் கட்டையைச் செருகுகிறார்கள். அது இன்னும் மோசம். காற்று கதவின் நடுவில் தள்ள, கட்டை பிணைச்சலுக்கு அருகில் தடுக்க, நெம்புகோல் வைத்த மாதிரி ஆணியெல்லாம் பிடுங்கிக்கொண்டு வரும்.

"சேர், கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிடலாமே" என்று ஒரு தகப்பன் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. லயக்காம்பராவில் கதவு உள்ளே திறந்தால் ஒரு பாய் விரிக்கும் இடம் போய்விடும். மழை கீழ்வழியாக உள்ளே வரும். எல்லாவற்றையும்விட, லயத்தில் தீப்பிடித்தால் ஒரு நொடியில் தள்ளிக்கொண்டு ஓட வெளியே திறக்கும் கதவுதான் நல்லது. காற்றுக்குப் பயந்து வெளியிலிருந்து கயிறு கட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்களையும் கண்டிருக்கிறேன். உள்ளே கிழவியும் குழந்தையும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தேவை ஆறு அங்குலக் கொளுக்கியும் வளையமும்தான். கொளுக்கியைப் பிணைச்சலுக்கு எதிர்ப்பக்க ஓரத்தில், பலகையில் அல்ல, சட்டத்தில் பூட்ட வேண்டும். வளையம் சுவரில், வோல் பிளக் போட்டு. பழைய லயச் சுவரில் பூச்சு உதிரும், பிளக் நிற்காது. அங்கே நிலத்தில் ஒரு மரக்குற்றியைச் சீமெந்து போட்டு நட்டு, வளையத்தை அதில் போடுங்கள். கைக்குழந்தைக்கு எட்டாத உயரம் நல்லது. சுவரில் கதவு மோதும் இடத்தில் அந்தப் பழைய டியூப்பை வெட்டி அடித்தால், டியூப்புக்கும் ஒரு வேலை கிடைக்கும்! மூடிய கதவு ஆடுவதற்குக் காரணம் தளர்ந்த தாழ்ப்பாள். அதற்கு ஒரு ஸ்குரூ போதும்.

இன்னொன்று. இந்திய உதவியில் நமது தோட்டங்களில் 550 சதுர அடித் தனி வீடுகள் கட்டுகிறார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். சொந்த வீடு பெரிய விஷயம், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும், இஸ்தோப்பும் ஓரளவு காற்றை மறைக்கும். மேட்டில் தனியாக நிற்கும் வீட்டின் கதவு தனியாகத்தான் காற்றை வாங்கும். வீட்டுச் சாவி வாங்கப் போகிறவர்கள், கதவைத் திறந்து நிறுத்த என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. லயத்தில் இருப்பவர்கள், "தோட்டத்துக் கதவு, தோட்டமே பார்க்கட்டும்" என்று இருக்காதீர்கள். கதவு தோட்டத்துடையதுதான், விரல் நம்முடையது.

துளை போடும் மெஷின் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை பஜார்ப் பக்கம் நான் சும்மாதான். கொளுக்கியை வாங்கிக்கொண்டு வந்து கூப்பிடுங்கள், கூலி வேண்டாம், ஒரு பிளேன்டீ போதும். முதலில் அந்தக் கீழ் லயத்துக் கதவு யாருடையது என்று கொமெண்டில் சொல்லுங்கள்.