மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு
முழுதானியம், பருப்பு, காய், கடற்பாசி கொண்ட மேக்ரோபயாட்டிக் உணவே முழுமையானது, வைட்டமின் மாத்திரை செயற்கை என்கிறார்கள்.

ஒன்று: வைட்டமின் பி12-ஐ எந்தச் செடியும் உருவாக்குவதில்லை, பாக்டீரியாதான் உருவாக்குகிறது. மாத்திரையில் இருப்பதும் பாக்டீரியா நொதித்துத் தந்ததே. இதில் செயற்கை எது?

இரண்டு: முன்னோர் மாத்திரையா தின்றார்கள்? இல்லை, மோர் குடித்தார்கள். நீங்கள் அதையும் விட்டுவிட்டீர்கள்.

மூன்று: புனேயையே பாருங்கள். கே.ஈ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு 1993-இல் தொடங்கிய ஆய்வில், சுற்றுக் கிராமக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்குப் பி12 குறைவு. அவர்கள் பாலை விலக்கும் கொள்கைக்காரர்கள்கூட அல்லர்.

நான்கு: கடற்பாசி? நெதர்லாந்தின் மேக்ரோபயாட்டிக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் பி12 அளவு ஏறியது, சிவப்பணு நிலையோ மேலும் கெட்டது. 1991-இலேயே வெளியான முடிவு இது.

'நலமாகத்தானே இருக்கிறேன்?' கல்லீரல் சேமிப்பு ஆண்டுக்கணக்கில் தாங்கும். கீரையின் ஃபோலேட் இரத்தசோகையை மறைக்கும், நரம்புச் சேதத்தைத் தடுக்காது. பாதம் மரத்த பிறகா பரிசோதனைக்குப் போவீர்கள்?