சீட்டின் கடைசி வரி

உலர்விழிக்கு நாம் எழுதும் மருந்துச் சீட்டில், செயற்கைக் கண்ணீருக்கும் வெந்நீர் ஒத்தடத்துக்கும் கீழே ஒமேகா-3 மாத்திரை பழக்கத்தாலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2018-இல் டிரீம் ஆய்வு வெளியான பிறகும் அந்த வரி அசையவில்லை.

அசையாததற்குக் காரணம் உண்டு. கண்ணீரின் உப்புச்செறிவு கூடும்போது மேற்பரப்புச் செல்கள் அழற்சி சைட்டோகைன்களையும் எம்எம்பி-9 நொதியையும் வெளிவிடுகின்றன. அராகிடோனிக் அமிலத்திலிருந்து புராஸ்டகிளாண்டின் இ2, லூக்கோட்ரையீன் பி4 உருவாகி எரியும் அடுப்பில் எண்ணெய் வார்க்கின்றன. மீன் எண்ணெயின் இபிஏ அதே நொதிகளுக்குப் போட்டியிட்டு, வீரியம் குறைந்த பொருள்களைத் தருகிறது. அழற்சியைத் தணிக்கும் ரிசால்வின்களும் அதிலிருந்தே பிறக்கின்றன. இந்த உயிர்வேதியியலில் ஓட்டை இல்லை. 32,470 பெண்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2005-இல் வந்த அமெரிக்க ஆய்விலும், ஒமேகா-3 அதிகம் உண்டவர்களிடம் உலர்விழி குறைவாகவே இருந்தது.

டிரீம் இதைச் சோதனைக்கு உட்படுத்தியது. மிதமான, கடுமையான உலர்விழி உள்ள 535 பேர். தினம் 3,000 மி.கி. ஒமேகா-3 அல்லது 5 கிராம் ஆலிவ் எண்ணெய், ஓராண்டு. அறிகுறிகளை அளக்கும் ஓஎஸ்டிஐ மதிப்பெண் ஒமேகா குழுவில் 13.9 குறைந்தது, ஆலிவ் குழுவில் 12.5. வேறுபாடு புள்ளியியல் அளவில் தேறவில்லை. கருவிழிச் சாயமேற்றம், கண்ணீர்ப் படலம் உடையும் நேரம், ஷிர்மர் சோதனை எதிலும் ஒமேகா முந்தவில்லை.

ஆலிவ் எண்ணெயே மருந்தாக வேலை செய்திருக்கும் என்று பலர் சொன்னார்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு அத்தனை ஆற்றல் என்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். அறிகுறி உச்சத்தில் இருக்கும்போது சேர்க்கப்படுபவர்கள் காலப்போக்கில் ஓரளவு தேறுவார்கள். கவனித்துப் பார்க்க ஆளிருந்தால் இன்னும் தேறுவார்கள். எனக்கு உறுத்துவது அந்த 12.5 தான். “மாத்திரை போட்டதிலிருந்து பரவாயில்லை டாக்டர்” என்று நம்மிடம் சொல்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் அடங்குவார்கள்?

இதில் நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் சேர்கிறது. சாதாரண 1,000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரையில் இபிஏ 180, டிஹெச்ஏ 120. ஆக 300 மி.கி. டிரீம் அளவை எட்ட நாளுக்குப் பத்து மாத்திரை வேண்டும். பலனில்லை என்று கண்ட அளவில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுப் பலனை எதிர்பார்க்கிறோம். டப்பாவின் முன்பக்க எண்ணைப் பார்க்காமல் பின்பக்கத்து இபிஏ, டிஹெச்ஏ அளவைப் பார்ப்பவர்கள் நம்மில் குறைவு.

சைவ நோயாளிக்கு ஆளி விதை சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அதிலுள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தில் சிறு பகுதியே உடலில் இபிஏ ஆகிறது. டிஹெச்ஏ அதிலும் சொற்பம். விதையைச் சாப்பிடட்டும், கண் மருந்து என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். சூரியகாந்தி எண்ணெயைத் தூக்கி எறியச் சொல்வதும் அவசரமே. அராகிடோனிக் அமிலத்துக்கு மூலமான லினோலெயிக் அமிலம் மிகுந்த எண்ணெய்தான். ஆனாலும் அதைக் கூட்டிக் கொடுத்த மனித ஆய்வுகளில் இரத்தத்தின் அழற்சிக் குறியீடுகள் பொதுவாக உயரவில்லை. மீன் உண்பவரிடம் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாரம் இருமுறை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அது விலை மலிந்த நல்ல உணவு.

மெய்போமியன் சுரப்பிக் கோளாறு உள்ளவர் ஒமேகா-3 மாத்திரையைக் கேட்டு வாங்கினால் நான் தடுப்பதில்லை. மூன்று மாதம் பார்த்து, சாயமேற்றமும் அறிகுறியும் அசையாவிட்டால் நிறுத்தச் சொல்கிறேன். எழுதுவதற்கு முன் இதயத்தைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். நாளுக்கு 4 கிராம் இபிஏ தந்த ரெட்யூஸ்-இட் ஆய்வில், ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் அல்லது ஃப்ளட்டருக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 3.1 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 2.1. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்களிடமும், படபடப்பு என்று சொல்லும் முதியவர்களிடமும் அதிக அளவைத் தவிர்ப்பதே சரி.