715 ஏக்கர் சேறும் ஒரு மானும்

கென்யா போய்ட்டு வந்தேன்னு சொன்னதுல இருந்து பாக்கறவங்க எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான். "சிங்கம் பாத்தீங்களா?"

பாத்தேனுங்க. மசாய் மாராவில ஏழெட்டு வண்டி வட்டம் கட்டி நிக்க, நடுவுல அது பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்துச்சு. ஆனா இன்னைக்கு எழுத வந்தது அதைப் பத்தி இல்ல.

நைரோபியில வேலை பாக்கற தங்கச்சி மகன், "மாமா, உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு, வண்டியை விட்டு இறங்கி நடக்கலாம்"னு கூட்டிட்டுப் போனான். மேற்குக் கென்யாவில, எல்கான் மலைப் பக்கம், கிட்டாலேன்னு ஒரு ஊர். அந்த ஊருக்குப் பக்கத்துல சைவா சதுப்புநிலத் தேசியப் பூங்கா. கென்யாவிலேயே சின்னது இதுதான். மொத்தம் 3 சதுர கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. நம்ம கணக்குல சுமார் 715 ஏக்கர். அதே நாட்டுல கிழக்கு சாவோ பூங்கா 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. அதை வச்சுப் பாத்தா இது ஒரு வரப்பு அகலம்கூட வராது.

இத்தனூண்டு இடத்துக்கு 1974-ல் தேசியப் பூங்கான்னு பட்டம் கொடுத்தது ஒரு மானுக்காக. பேரு சிட்டாடுங்கா. பாதி நேரம் தண்ணிக்குள்ளயே வாழற மான். குளம்பு நீளமா, விரிஞ்சு இருக்கும். சேத்துல நம்ம கால் முழங்கால் வரைக்கும் இறங்கற இடத்துல அது மிதிச்சுக்கிட்டுப் போயிடும். ஆபத்து வந்தா ஓடாது. தண்ணிக்குள்ள முங்கி மூக்கை மட்டும் வெளிய வச்சுக்கும்.

உள்ளே வண்டிக்கு இடமே இல்ல. நடைதான். சேத்து மேல மரப்பலகைப் பாதை போட்டிருக்காங்க. அங்கங்க பரண். நம்ம சோளக்காட்டுக் காவல் பரண் மாதிரியேதான், கொஞ்சம் பெருசு. விடியறதுக்கு முன்னாடியே ஏறி உக்காந்துட்டோம். கீழ கோரையும் சம்பும் ஆள் உயரத்துக்கு. பனி விலகற நேரம் கோரை லேசா ஆடுச்சு. பழுப்பு நிறத்துல, முதுகுல வெள்ளைக் கோடு போட்ட ஒரு பெட்டை மான், வயிறு வரைக்கும் தண்ணியில நின்னு மேஞ்சுது. பத்து நிமிஷம் இருக்கும். வண்டிச் சத்தம் இல்ல, யாரும் பேசல. மாராவில பாத்த சிங்கத்தை விட இது மனசுல நிக்குது.

பறவைக்கும் இது நல்ல இடம். ராஸ் டுராக்கோன்னு ஒண்ணு, உடம்பு கருநீலம், மூக்கு மஞ்சள். உக்காந்திருக்கறப்போ தெரியாது, பறக்கறப்போ றெக்கையில ரத்தச் சிவப்பு தெரியும். டி பிராசா குரங்கு வெள்ளைத் தாடியோட பெரியவர் மாதிரி உக்காந்து நம்மளையே பாக்குது. அப்புறம் தலையில பொன்னிறக் கொண்டை வச்ச அந்தப் பெரிய கிரீடக் கொக்கு. சோடியாத்தான் நடக்கும். உலக அளவுல அழிவு அபாயப் பட்டியல்ல இருக்கற பறவை.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்குது.

அதே பரண்ல இருந்து எதிர்ப்பக்கம் திரும்புனா, சதுப்பு முடியற இடத்துலயே மக்காச்சோளம். வெள்ளைக்காரன் காலத்துல பெரிய பெரிய பண்ணையா இருந்த பூமி. 1963-ல் சுதந்திரம் வந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சின்ன விவசாயிங்க கைக்கு வந்துச்சு. கென்யாவோட சோளக் களஞ்சியமே இந்தச் சீமைதான். மார்ச், ஏப்ரல்ல மழையைப் பாத்து விதைப்பாங்க, அடியுரமா டிஏபி போடுவாங்க. மழை பலமா அடிச்சா மேல்மண்ணும் உரமும் எங்க போகும்? பள்ளத்துக்குத்தான். பள்ளம்னா சைவா ஆறு, சைவா சதுப்பு. கொக்கு சதுப்புல கூடு கட்டுது, ஆனா இரை தேடறது விவசாயி காட்டுல. முளைச்ச விதையைக் கொத்துனா அவனுக்குக் கோவம் வரத்தான் செய்யும்.

அதனால நான் சொல்றேன், இந்தப் பூங்காவோட உயிர் வேலிக்குள்ள இல்ல. மேட்டுக் காட்டுல உழுகற விவசாயி கையில இருக்கு. பெரிய காட்டுல ஒரு பக்கம் கெட்டா மிருகம் இன்னொரு பக்கம் போய்க்கும். 715 ஏக்கர்ல அது எங்க போகும்?

இதைப் படிக்கற பட்டணத்து நண்பர்கள்ல சிலர் உடனே "விவசாயிதான் எல்லாத்தையும் கெடுக்கறான்"னு சொல்லுவீங்க. கொஞ்சம் பொறுங்க. நானும் குத்தவாளிதான். எங்க தோட்டத்து ஓரம் ஓடையில முன்னாடி பத்தடிக்குப் புதரும் நாணலும் இருந்துச்சு. மஞ்சள் நல்ல விலை போன ஒரு வருஷம் அதையும் உழுது சேத்துக்கிட்டேன். மறு மழையில கரையே அரிச்சுட்டுப் போயிடுச்சு. அங்க கத்திட்டு இருந்த கானாங்கோழியும் போச்சு. அந்தப் பத்தடியை விட்டு வைக்கறது எவ்வளவு கஷ்டம்னு, அந்தப் பத்தடியை நம்பிப் பள்ளிக்கூடப் பணம் கட்டறவனுக்குத்தான் தெரியும்.

சைவாவைச் சுத்தியும் யாரும் கை கட்டி உக்காந்திருக்கல. கிப்சைனா பக்கத்து விவசாயிங்களே கொக்கையும் சதுப்பையும் காப்பாத்தன்னு ஒரு குழு வச்சு, மரக்கன்னு வளத்துக் கொடுத்துட்டு வர்றாங்க. ஆனா நல்ல மனசு மட்டும் வயித்தை நிரப்பாது. பக்கத்து நாடு உகாண்டாவில பூங்கா நுழைவுக் கட்டணத்துல 20 சதவீதம் சுத்தி இருக்கற ஊர்களுக்குப் போகணும்னு சட்டமே இருக்கு. என்னைக் கேட்டா, சின்னப் பூங்காவுக்குத்தான் இது ரொம்ப அவசியம். ஓடைக் கரையை உழாம விட்டவனுக்கு அந்த வருமானத்துல ஒரு பங்கு கைக்கே வரணும். அதுக்குப் பேரு தானம் இல்ல, கூலி.

கென்யா போறவங்க சிங்கம் பாருங்க, வேணாம்னு சொல்லல. ஒரு ராத்திரி மட்டும் கிட்டாலே பக்கம் தங்குங்க. கூட்டம் வராத பூங்காவைக் கவர்மெண்ட் மறந்துடும், அதுக்காகவாவது போங்க. விடியக்காலம் பரண்ல ஏறி மானைப் பாருங்க. பாத்து முடிச்சுட்டுத் திரும்பி அந்தச் சோளக்காட்டையும் ஒரு பார்வை பாருங்க. ரெண்டும் சேந்ததுதான் சைவா.

ஊருக்கு வந்ததும் ஓடை ஓரத்துல பத்தடி விட்டுட்டேன். நாணல் துளிர் விட்டிருக்கு. கானாங்கோழி இன்னும் வரல.